பூவை மட்டும் படம் எடுத்தால் போதாது

ஆயக்குடிச் சந்தையில் கூடை கூடையாக இறங்கும் கொய்யா, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அதற்கு உறவான ஒரு புதர், ஊருக்குத் தெற்கே நிற்கும் பழனி மலையின் மேல்மட்டத்தில் தானாகவே வளர்கிறது. பெயர் தவிட்டுக் கொய்யா. சோலை ஓரத்தில் அதன் இளஞ்சிவப்புப் பூவைப் பார்த்ததும் செல்போனை நீட்டுகிறோம். பிறகு அந்தப் படத்தைக் காட்டி என்ன செடி என்று கேட்டால், தாவரவியல் படித்தவரே தயங்குவார்.

காரணம், ஏறக்குறைய அதே நிறத்தில் பூக்கும் ஆஸ்பெக்கியா என்ற புதரும் அங்கே உண்டு. இரண்டிலும் இலைகள் எதிரெதிரே இருக்கும்; அடியிலிருந்து நுனிவரை நரம்புகள் நீளவாக்கில் ஓடும். பூவை நெருங்கிப் பாருங்கள்: தவிட்டுக் கொய்யாவில் மகரந்தத் தாள்கள் எண்ணி மாளாத கொத்து, ஆஸ்பெக்கியாவில் எட்டோ பத்தோதான். இலையைத் திருப்பினால் சந்தேகமே இல்லை. முன்னதன் அடிப்புறம் வெளிறிய மென்பஞ்சு. பின்னதில் சொரசொரப்பான முடி. ஆனால் இலையின் முதுகை யார் படம் எடுக்கிறார்கள்?

குறிஞ்சிக்கும் இதே கதிதான். 2006, 2018-இல் பூத்தது, அடுத்து 2030. பூவை மட்டும் அறிந்தவருக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அது வெறும் பச்சைப் புதர். பூ இல்லாவிட்டாலும், ஊசிக்கலா என்ற புதரை மூன்றாகப் பிரியும் முள்ளே காட்டிக்கொடுத்துவிடும். கால்த்தேரியா என்ற புதரின் இலையைக் கசக்கினால் வலித்தைல வாசனை. அது படத்தில் வராது, குறித்துத்தான் வைக்க வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1915-இல் நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டபோது, கோட்டோவியங்களே அடையாளம். 1999-இல் பழனி மலைத் தாவர நூலைக் கொண்டுவந்த திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மேத்யூ பாதிரியார், காய்ந்த மாதிரிகளை வைத்து வேலை செய்தவர். கிளையைக் கையில் வைத்து எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. நம்மிடம் இருப்பது படம் மட்டும். செடியை அடையாளம் காட்டும் செயலி சொல்லும் பெயரும் அந்தப் படத்தின் தரத்தைப் பொறுத்ததுதான்.

ஆகவே அடுத்த முறை மலையேறும்போது முழுப்புதர், கிளையில் இலை அமைந்திருக்கும் விதம், இலையின் அடிப்புறம், பூவின் முகமும் பின்புறமும் எல்லாவற்றையும் எடுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம். அந்த மலையின் ஒரு பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்.