எழுதிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்

நல்லாட்சி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பெண்களில் பலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. 2015இல் அந்தச் சொல்லைச் சொல்லி ஓர் அரசாங்கம் வந்தது, போனது. பின்னர் வந்தவர்களும் போனார்கள். யார் வந்தாலும் பிரதேச செயலக விறாந்தையில் காத்திருக்கும் எங்கள் பெண்களின் வரிசை குறையவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களுள் ஒன்று ஆட்சிகள் மாறியும் அழியாமல் நிற்கிறது. அது எங்கள் கைக்கு எட்டக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குக் கொண்டு வரப்பட்ட 19ஆவது திருத்தம், தகவலைப் பெறுவதைப் பிரசைகளின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக்கியது. அதை நடைமுறைப்படுத்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் 19ஆவது திருத்தத்தின் பல நல்ல அம்சங்களை இல்லாமல் செய்தபோதும் இந்த உரிமையில் கை வைக்கவில்லை.

சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான். அரச அலுவலகம் ஒன்றின் பொறுப்பில் இருக்கும் பதிவுகளை எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதிகளுக்கு மட்டும் சிறு தொகை கேட்கலாம். ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய விபரம் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எழுத முடியாதவர்கள் வாயால் சொல்லலாம், அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. எங்கள் வயது முதிர்ந்த அம்மாமாருக்காகவே எழுதி வைத்தது போன்ற பிரிவு இது!

வன்னியில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் கணவரை இழந்த அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுத்திட்டம் கிடைத்தது. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் காசு வந்தது. அதன் பிறகு வரவில்லை. கடன் வாங்கிச் சுவரை யன்னல் மட்டத்துக்கு மேல் எழுப்பிவிட்டார், கூரை இல்லை. மூன்று மழைக்காலம் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளுடன் இருந்தார். கந்தோருக்குப் போகும்போதெல்லாம் "மேலிடத்தில் இருந்து காசு வரவில்லை" என்ற ஒரே பதில்தான். எழுதிக் கேட்போம் என்று நான் சொன்னபோது அவர் பயந்தார்.

"வேண்டாம் பிள்ளை, கடிதம் குடுத்தா அவை கோவிச்சுக்கொண்டு வர வேண்டிய காசையும் நிப்பாட்டிப் போடுவினம்."

இந்தப் பயம் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் உண்டு. அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். பல வருடங்கள் முகாமிலும் வரிசையிலும் நின்று, கேள்வி கேட்டவளின் பெயர் பட்டியலில் பின்னுக்குப் போவதைக் கண்டு படித்த பாடம் அது.

ஒரு மாதம் யோசித்துவிட்டு அவரே வந்தார். சாதாரண கொப்பித் தாளில்தான் எழுதினோம். அதற்கென்று படிவம் இருக்கிறது, ஆனால் படிவம் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. "ஏன் காசு தரவில்லை" என்று நாங்கள் கேட்கவில்லை. இதைச் சகோதரிகள் கவனமாக வாசிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் விளக்கம் வரும், சில வேளை சமாளிப்பும் வரும். பதிவைக் கேட்டால் பதிவு வர வேண்டும். ஆகவே இப்படி எழுதினோம்: "எனது வீட்டுக் கோப்பில் உள்ள பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகள், இதுவரை வழங்கப்பட்ட கொடுப்பனவுகளின் திகதியும் தொகையும், மீதிக் கொடுப்பனவு தொடர்பான கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றைத் தமிழில் தருக."

கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டோம். முதலில் "தேவையில்லை, பார்த்துச் செய்கிறோம்" என்றார்கள். அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் கையொப்பமும் திகதியும் கிடைத்தன. அந்தத் திகதியில் இருந்துதான் நாள் ஓடத் தொடங்குகிறது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

பதில் வந்தது, சிங்களத்தில். தமிழில் கேட்டிருந்தோம் என்று இன்னொரு கடிதம் கொடுத்த பின் தமிழில் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. கோப்பில் அவருடைய வீடு இன்னும் அத்திவார மட்டத்தில் நின்றது! சுவர் எழும்பிய பிறகு வந்து பார்த்த பரிசோதனை எதுவும் பதியப்படவே இல்லை. மேலிடத்துக் காசுப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்க, காசு வந்திருந்தாலும் இந்தக் கோப்பின்படி அவருக்குக் கிடைத்திராது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு மறுபரிசோதனை கேட்டார். வந்து பார்த்துப் பதிந்தார்கள். கூரைக்கான காசு இன்னும் முழுதாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது கோப்பில் அவருடைய சுவர் இருக்கிறது.

பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. தேசிய பாதுகாப்பு, பிறருடைய அந்தரங்க விபரம் போன்ற காரணங்களால் மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. படையினர் வைத்திருக்கும் காணி பற்றிக் கேட்டால் அந்தப் பதிலே வரக்கூடும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை எங்கே என்ற தாயின் கேள்விக்கு இந்தச் சட்டம் விடை தராது. அவர் கொடுத்த முறைப்பாட்டுக் கோப்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத்தான் உதவும். ஆயினும் மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பொதுநலன் பெரிதாக இருந்தால் மறுக்க முடியாது என்றும் சட்டம் சொல்கிறது.

இன்னொரு விடயம், பேசக் கூச்சமானது. உதவி கேட்டுத் தனியாகப் போகும் பெண்ணிடம் "பின்னேரம் போன் எடுங்கோ, கதைப்பம்" என்று சொல்பவர்கள் எங்கள் பிரதேசங்களில் இல்லாமல் இல்லை. காரியம் முடிய உடலைக் கேட்பதும் இலஞ்சம்தான். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை வெளிப்படையாகக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். விடயம் திகதியுடன் தாளில் ஏறிவிட்டால் அப்படிப்பட்டவருடைய தொலைபேசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம். கந்தோருக்கு இரண்டு பேராகப் போங்கள். ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, தபாலிலும் அனுப்பலாம்.

2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது ஏன் விடுபட்டோம் என்று தெரியாமல் அழுத பெண்கள் பலர். தங்களைப் பற்றி அங்கே என்ன பதியப்பட்டுள்ளது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. வயல் ஒழுங்கையைத் திருத்துகிறார்கள் என்றால் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார் என்றும் கேட்கலாம்.

எங்கள் மாதர் சங்கத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து குளக்கட்டு வீதியின் மதிப்பீட்டுப் பிரதியைக் கேட்டுப் போன கிழமை கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வர வேண்டிய திகதியைக் கணக்குப் பார்த்து, சங்கக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.