கம்பங்கூழும் கல்லுப்பும் கழுத்துச் சுரப்பியும்

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் குறையாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி உப்பளங்கள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம் உப்பு விளைகிற கரை அது. அந்தக் கல்லுப்பைப் போட்டுக் கூழ் கரைக்கிற கரிசல்காட்டு வீட்டில் அயோடினுக்கு என்ன பஞ்சம் என்றுதான் தோன்றும்.

கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம். அத்தனையும் அப்படியே உப்பில் தங்கினாலும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150. அந்தப் பதினேழும்கூடத் தங்குவதில்லை. பாத்தியில் உப்பு மணி பிடிக்கும்போது அயோடினுக்கு அந்தப் படிகத்தில் இடம் இல்லை. உப்பை வாரிய பிறகு வெளியேற்றும் கசப்புநீரோடு அதுவும் போய்விடுகிறது. வெயிலும் காற்றும் நிலமும் சேர்ந்து இவ்வளவு வெள்ளையாக உப்பை எடுத்துத் தருகின்றன. கழுத்துச் சுரப்பிக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுகின்றன.

அயோடின் சேர்த்த உப்பில், கடைக்கு வரும்போது ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. பத்து கிராமுக்கு 150. கணக்கு நேராகிவிடுகிறது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமியும் சக ஆய்வாளர்களும் 1956இல் தொடங்கிய சோதனையில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளில், அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் அயோடின் உப்பு வழங்குவது தேசியத் திட்டமானது.

தைராய்டு எனும் இந்தக் கழுத்துச் சுரப்பியின் எடை சுமார் 20 கிராம். அது சுரக்கும் டி4 என்ற ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள். உடலின் மற்ற திசுக்கள் அதில் ஒன்றைக் கழற்றி, வேகமாக வேலை செய்யும் டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. அடுத்த வெள்ளாமை வரைக்கும் குலுக்கையில் தானியம் கிடப்பதுபோல, இந்தச் சுரப்பியில் இரண்டு மூன்று மாதத்துக்கான ஹார்மோன் எப்போதும் இருப்பில் இருக்கிறது. இருபது வயதில் நோயில்லாத ஒருவர் பத்து நாள் தாறுமாறாகச் சாப்பிட்டாலும் சுரப்பியின் வேலை கவிழ்ந்துவிடாததற்கு அந்த இருப்புதான் காரணம்.

கம்பின் மேல் ஒரு பழி உண்டு. அதில் உள்ள வைட்டெக்சின் வகைச் சேர்மங்கள், அயோடினை ஹார்மோனில் பொருத்தும் நொதியைத் தடுக்கின்றன என்பது உண்மை. சூடானின் டார்பூர் பகுதியில் கம்பையே பிரதான உணவாகக் கொண்ட கிராமங்களில் கழலை பரவலாக இருந்ததை 1980களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஆனால் அங்கே அயோடினும் பற்றாக்குறை, உணவிலும் கம்பைத் தவிர அதிகம் இல்லை. அந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கின்றன. கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் குத்தி, தவிட்டைப் புடைத்து எடுத்த நம் பெண்கள் அதில் கணிசமான பங்கை நீக்கிவிட்டார்கள். உப்பில் அயோடின் இருக்கும் வீட்டில் கம்பங்கூழுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. மானாவாரியில் தாக்குப்பிடிக்கும் ஒரு தானியத்தை அரைகுறைத் தகவலால் நாம் கைவிட்டுவிடக் கூடாது.

தைராய்டுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவின் கதை இன்னும் வியப்பானது. தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் மூளையடியிலிருந்து சுரக்கிறது. மாலையில் ஏறத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி உச்சம் தொடும், பகலில் இறங்கிவிடும். தூக்கம் அந்த ஏற்றத்துக்குக் கடிவாளம். விழித்தே கிடந்தால் அன்றிரவு அது இன்னும் மேலே போகிறது. பஞ்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கும் இளைஞருக்கு டி.எஸ்.எச். எண் சற்றுக் கூடுதலாக வந்தால், அதில் முந்தைய இரவும் கலந்திருக்கிறது. நன்றாகத் தூங்கிய பிறகு இன்னொரு முறை பார்க்காமல், அந்த ஒரு சீட்டை வைத்து யாரும் தன்னை நோயாளி என்று முடிவு செய்துகொள்ளக் கூடாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதிக அளவு பயோட்டின் சுரப்பியை எதுவும் செய்யாது. பரிசோதனை முறையையே ஏமாற்றி, தைராய்டு அதிகம் சுரப்பதாகக் காட்டிவிடக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே, மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

பட்டினிக்கு உடல் காட்டும் பதில் மிகப் பழையது. சாப்பாடு நின்ற ஒன்றிரண்டு நாளிலேயே டி3 இறங்குகிறது. டி4இலிருந்து வேலை செய்யாத ஒரு வடிவம் கூடுதலாக உண்டாகிறது. எரிபொருளைச் சிக்கனம் பிடிக்க உடல் செய்யும் ஏற்பாடு இது. மழை பொய்த்த வருசங்களில் கரிசல் மக்களைக் காத்த ஏற்பாடுகளில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். எடை குறைக்க வேண்டும் என்று விடுதியில் இரண்டு வேளை உணவைத் தள்ளிவிடும் பெண்ணின் உடலும் அதே வழியில்தான் போகிறது. அவளுக்குக் குளிரெடுப்பதும் சோர்வு வருவதும் சோம்பல் அல்ல.

பீடி, சிகரெட் புகையிலிருந்து வரும் தயோசயனேட், அயோடின் சுரப்பிக்குள் நுழையும் வாசலிலேயே போட்டி போடுகிறது. புகைக்கும் தாயின் பாலிலும் அயோடின் குறைகிறது.

இவற்றிலெல்லாம் மிகவும் கவனம் வேண்டியது கருவுற்ற முதல் மாதங்களில்தான். சுமார் 12 வாரம் வரை சிசுவின் சுரப்பி ஹார்மோன் செய்யாது. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். அப்போது ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கருவுற்றதே தெரியாத வாரங்களும் இதில் அடங்கும் என்பதால், தீப்பெட்டி ஆலைக்கும் பஞ்சாலைக்கும் கல்லூரிக்கும் போகிற இளம்பெண்கள் உள்ள வீட்டில் முன்கூட்டியே அயோடின் உப்பு இருக்கவேண்டும். கல்லுப்புதான் ருசி என்பவர்களுக்கு அதிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் பார்த்து வாங்கலாம். அழுக்குப் போக உப்பைக் கழுவினால் மேலே படிந்த அயோடின் தண்ணீரோடு போய்விடும். மூடிய பாத்திரத்தில், அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி வைத்து, குழம்பு இறக்கும் சமயத்தில் போட்டால் பெரும்பகுதி தட்டுக்கு வந்து சேரும்.