பரணில் இருப்பது யாருடைய பொருள்?

ஷஅபான் பிறந்துவிட்டால் நம் ஊர் வீடுகளில் ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். நோன்புக்கு முன் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பரணில் உள்ளதை இறக்குவார்கள், அலமாரியைக் காலி செய்வார்கள். அந்த நாட்களில் நம் அறக்கட்டளை அலுவலக வாசலில் மூட்டைகள் ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கொடுக்கிறவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மூட்டையை அவிழ்த்துப் பிரிக்கும் வேலை எங்களுடையது என்பதால், இந்த ஆண்டு அவை வருவதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அதில் எங்கள் தவறும் உண்டு. ஒரு தாயார் மௌத்தாகிப் பத்து நாள்கூட ஆகாத நிலையில், அவருடைய மகன் நான்கு மூட்டை துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "பார்க்கப் பார்க்க மனசு தாங்கவில்லை, ஏழைகளுக்குப் போகட்டும்" என்றார். வாங்கிக்கொண்டோம். ஒரே வாரத்தில் பிரித்துக் கொடுத்தும் விட்டோம். அடுத்த மாதம் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்து நின்றார். "உம்மா தொழும்போது போட்டுக்கொள்ளும் துப்பட்டி ஒன்று இருந்தது. அது மட்டும் போதும்" என்றார். எங்களிடம் இல்லை. யாருக்குப் போனது என்று எழுதியும் வைக்கவில்லை. அந்தச் சகோதரி கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

மௌத்தானவரின் துணிமணிகள் தானாகவே ஏழைகளுக்குச் சொந்தமாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மார்க்கத்தில் அப்படி இல்லை. நிலம், வீடு, நகை எப்படியோ அப்படியே கைலி, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, கட்டில் எல்லாமே அவர் விட்டுச்சென்ற சொத்துதான். கஃபன், அடக்கச் செலவு, பிறகு அவர் பட்ட கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், இவை போக மீதியில் வாரிசுகள் அனைவருக்கும் பங்கு உண்டு. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டுச் சென்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும். இந்தக் கணக்கு அவருடைய செருப்புக்கும் பொருந்தும். ஆகவே வீட்டில் இருக்கிற மகன் மட்டும் முடிவு செய்து கொடுத்தால், அவர் தன் பங்கோடு சகோதரியின் பங்கையும் கேட்காமல் கொடுத்தவர் ஆகிறார். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார். ஆனாலும் அது அவருடையது அல்ல.

வயது வந்த வாரிசுகள் எல்லோரும் மனமொப்பிச் சம்மதித்தால் பிரச்சினை இல்லை, ஸதகா செய்யலாம். சிக்கல் வருவது பருவமடையாத பிள்ளைகள் இருக்கும் வீட்டில். ஏழு வயதுப் பிள்ளையிடம் "வாப்பாவின் சட்டையைக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டு, அது தலையாட்டினால் அந்தச் சம்மதம் செல்லாது. அதன் சார்பில் தாயோ பெரிய தகப்பனோ தர்மம் செய்யவும் முடியாது. யத்தீம்களின் பொருளைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தில் வந்திருக்கும் எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை நாம் எல்லோரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். அது நில அபகரிப்புக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. துணிமணிகளுக்கு நியாயமான விலை போட்டு, அவற்றைப் பெரியவர்கள் தங்கள் பங்கில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு உரியதை ரொக்கத்தில் ஈடுகட்டிவிட வேண்டும். பிறகு பெரியவர்கள் தங்களுக்கு வந்ததைத் தாராளமாகக் கொடுக்கலாம். தொகை சிறியதாக இருக்கும், இருக்கட்டும். குடும்பத்துக்குக் குடும்பம் நிலைமை மாறும் என்பதால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பொருளிலும் இதே கேள்வி வருகிறது. பரணில் தூங்கும் எவர்சில்வர் குடங்களும் பித்தளை அண்டாவும் மருமகளின் சீராக வந்தவை என்றால், அவை அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். மாமியார் தன் கையால் எடுத்துக் கொடுக்க முடியாது, கணவரும் முடியாது. சபர் போயிருக்கும் தம்பியின் பெட்டியும் அப்படித்தான். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் முடிந்தது.

பொருள் யாருடையது என்பது தெளிவானபின், அது கொடுக்கத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். மதீனாவில் அன்சாரிகள் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள், திண்ணைத் தோழர்கள் பசித்தபோது எடுத்துச் சாப்பிடுவார்கள். சிலர் மட்டமான, உதிர்ந்துபோன குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். அதை ஒட்டித்தான் அல்பகரா 267ஆம் வசனம் இறங்கியது என்று திர்மிதீயில் அறிவிப்பு இருக்கிறது. நமக்கே ஒருவர் தந்தால் முகம் சுளித்துக்கொண்டு வாங்குகிற பொருளைத் தர்மத்துக்கென்று ஒதுக்குவதை அந்த வசனம் கண்டிக்கிறது. எங்களுக்கு வரும் மூட்டைகளில் ஜிப் போன புர்கா, ஒற்றைச் செருப்பு, கறை படிந்த தலையணை, தேதி முடிந்த மாத்திரை அட்டை எல்லாம் இருக்கின்றன. இவற்றை அப்புறப்படுத்த ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறோம், அந்தக் கூலி உங்கள் சந்தா பணம். கிழிந்த பருத்தித் துணியை வீட்டிலேயே துடைக்கும் துணியாக்கிவிடலாம். மருந்து எதுவும் வேண்டாம், தேதி முடியாததும் வேண்டாம்.

ஜகாத் கணக்கில் பழைய துணியைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பணத்தின் ஜகாத்துக்குப் பதில் பொருளைக் கொடுப்பது கூடாது. ஹனஃபியில் கொடுக்கலாம் என்றாலும் இன்றைய சந்தை விலைதான் கணக்கு, வாங்கிய விலை அல்ல. பழைய சேலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதை ஸதகாவாகவே கொடுத்துவிடுங்கள்.

ஹனஃபி வீடுகள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. பயன்படுத்தாத வீட்டுச் சாமான்களுக்கு ஜகாத் இல்லை. ஆனால் அன்றாடத் தேவைக்கு மிஞ்சிய சாமான்களின் மதிப்பு, மற்ற சேமிப்போடு சேர்ந்து, கடன் போக வெள்ளி நிஸாபை எட்டினால் அந்த வீட்டார் மீது ஃபித்ராவும் குர்பானியும் கடமையாகிவிடும். அவர்கள் ஜகாத் வாங்கவும் கூடாது. அந்த நிஸாபு 200 திர்ஹம், இன்றைய எடையில் சுமார் 612 கிராம் வெள்ளி. ஒவ்வொரு நோன்பிலும் உதவி கேட்டு வரும் மனுக்களில் ஒன்றிரண்டைப் பார்க்கும்போது எங்களுக்குச் சங்கடமாக இருக்கும். கையில் காசில்லை என்பது உண்மை, ஆனால் வீட்டில் மூன்று கிரைண்டரும் பிரிக்காத டின்னர் செட்டும் இருக்கும். அவற்றை விற்றுக் கடனை அடைக்கலாமே என்று சொன்னால், "மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறோம்" என்பார்கள். மகளுக்கு எட்டு வயது.

எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரவல் என்று ஒரு நல்ல வழக்கம் நம்மிடம் இருந்தது. குர்ஆனின் 107ஆம் அத்தியாயத்துக்கு 'அல்மாஊன்' என்று பெயர். சட்டி, வாளி, கோடரி போல அண்டை வீட்டார் கேட்டு வாங்கிப் புழங்குகிற சின்னச் சாமான்களே மாஊன் என்று பல விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தெருவில் நாலு வீட்டுச் சஹன் தட்டுகளைச் சேர்த்தால் ஒரு கல்யாணம் முடிந்துவிடும். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சஹன் இருக்கிறது, வெளியே போவதும் இல்லை, வீட்டில் இறங்குவதும் இல்லை. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் வருகிறது. சஹன், தேக்சா, அண்டா ஆகியவற்றைப் பெயர் பொறித்து எங்களிடம் ஒப்படைத்தால், சொத்து உங்களுடையதாகவே இருக்கும், நாங்கள் பொறுப்பேற்று இரவல் கொடுத்து வாங்கி வைப்போம். சக்கர நாற்காலி, வாக்கர், வாட்டர் பெட், மடக்குக் கட்டில் ஆகியவை இதைவிட அவசரமாகத் தேவைப்படுகின்றன. ஒரு பெரியவர் படுக்கையில் இருந்தபோது வாங்கியது, அவர் மௌத்துக்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அதே தெருவில் இன்னொருவர் அதைக் கடன் வாங்கிப் புதிதாக வாங்குகிறார்.

எங்களிடம் கொண்டுவருவதற்கு முன் சொந்தபந்தங்களைப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தைக் கொடுக்க முன்வந்தபோது, அதை நெருங்கிய உறவினர்களுக்கே பங்கிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. புதுக் குடித்தனம் போட்ட மச்சினிச்சி மகளுக்கு உங்கள் இரண்டாவது மிக்ஸி போதும். அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தால், ஹதிய்யா என்று சொல்லிக் கொடுங்கள்.

பெட்டிகளைக் கிளறும்போது கிதாபுகள் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். சிதைந்து ஓதமுடியாமல் போன முஸ்ஹஃப் ஏடுகளைக் குப்பையிலோ பழைய பேப்பர் கடையிலோ போட்டுவிடக் கூடாது. சுத்தமான துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் ஆழமாகப் புதைப்பது நம் உலமாக்கள் காட்டிய வழி. பள்ளிவாசலில் கொடுத்தால் மோதினார் பார்த்துக்கொள்வார். அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் என்று நினைத்து அரபுத் தமிழ் கிதாபுகளையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். நம் கண்ணும்மாக்கள் அந்த எழுத்தில்தான் மார்க்கம் படித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ஃபத்ஹுத் தய்யான் போன்ற நூல்களின் பழைய பதிப்புகள் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் இருக்கலாம். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, எங்களிடம் காட்டுங்கள். படித்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு முதல் நடைமுறை இதுதான். சனி, ஞாயிறு இரு நாட்களிலும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பொருள் வாங்குவோம். மௌத்தானவரின் பொருள் என்றால் ஒரு பதிவேட்டில் வாரிசுகளின் பெயரைக் கேட்டு எழுதுவோம், எல்லோருக்கும் தெரியுமா, சிறுபிள்ளைகள் உண்டா என்றும் கேட்போம். துக்க வீட்டாரிடம் இதைக் கேட்பது எங்களுக்கும் எளிதல்ல, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூட்டைகளை இரண்டு மாதம் பிரிக்காமல் வைத்திருப்போம், அதற்குள் யாராவது ஒரு துப்பட்டியையோ தஸ்பீஹையோ தேடி வந்தால் எடுத்துக்கொள்ளலாம். சபராளிகள் கொண்டுவந்த கனமான கம்பளிகள், உறைகூடப் பிரிக்காதவை, எல்லா வீட்டு அலமாரி மேலும் இருக்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு அவை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் அரசு மருத்துவமனை வராந்தாவில் படுத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கு அவை வேண்டும். ஆனால் எங்கள் அலுவலகம் ஒரே அறை, ஆகவே கம்பளிகளை மட்டும் ஐப்பசி பிறந்தபின் கொண்டுவாருங்கள்.