ஸ்பேம் வடிகட்டியும் நம் கணினியும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஐந்தருவிச் சாலை விடுதிகளுக்கு அறை கேட்டு மின்னஞ்சல்கள் வரும். கூடவே லாட்டரி விழுந்தது, கடன் தருகிறோம் என்று ஸ்பேமும் வரும். இரண்டையும் பிரிப்பது வடிகட்டி. கணினியில் உள்ள அஞ்சல் மென்பொருள் அதனுடன் ஒத்துப்போகாவிட்டால், அறை கேட்டவரின் கடிதம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஸ்பேம் புதிதல்ல. 1978 மே 3 அன்று கேரி துர்க் என்ற அமெரிக்க விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் அனுப்பினார். அதுவே முதல் ஸ்பேம் எனப்படுகிறது. தொடக்ககால வடிகட்டிகள் சில சொற்களைக் கண்டாலே கடிதத்தைத் தடுத்தன. 2002இல் நிரலாளர் பால் கிரகாம் இதுபற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் வேறு முறை பரவியது. ஒவ்வொரு சொல்லும் ஸ்பேமில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, மொத்தக் கடிதமும் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவது அது. அடிப்படை, 18ஆம் நூற்றாண்டின் தாமஸ் பேய்ஸ் தந்த நிகழ்தகவுத் தேற்றம்.

இன்று வடிகட்டல் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, அஞ்சல் சேவையின் சர்வரில். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் மெயில் சேவையிலும் இப்படித்தான். மற்றொன்று, நம் கணினியில். 2004இல் 1.0 பதிப்பு வெளிவந்த இலவச அஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டில் பேய்ஸ் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது.

இரண்டையும் இணைக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, சர்வரிலிருந்து கடிதங்களைப் பெறும் பாப், ஐமேப் என்ற இரு வழிகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. பாப் பொதுவாக இன்பாக்ஸை மட்டுமே இறக்கித் தரும். சர்வர் தவறாக ஸ்பேமில் தள்ளிய கடிதம் அங்கேயே தங்கிவிடும். ஐமேப் எல்லா ஃபோல்டர்களையும் காட்டும். ஆகவே ஐமேப்தான் வேண்டும். பாதுகாப்பான இணைப்புக்கு அதன் போர்ட் எண் 993. சில சேவைகளில் ஐமேப் வசதியை முதலில் இணையதளத்துக்குள் சென்று இயக்க வேண்டும்.

அடுத்து, தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் ஜங்க் பகுதியைத் (ஸ்பேமை அது இப்படித்தான் அழைக்கிறது) திறந்து மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஜங்க் கடிதங்கள் போய்ச் சேரும் இடமாகச் சர்வரிலுள்ள ஸ்பேம் ஃபோல்டரையே குறியுங்கள். தேட வேண்டிய இடம் ஒன்றாகிவிடும். முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் கடிதத்தை ஜங்க் ஆக்காதிருக்கும் வசதியை இயக்குங்கள். உங்கள் சர்வரில் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி இருந்தால், அது கடிதத்தின் தலைப்பகுதியில் இடும் குறியை நம்பும்படி சொல்லுங்கள்.

பிறகு பழக்க வேண்டும். ஸ்பேமை ஜங்க் என்று குறிப்பதோடு நில்லாமல், தவறிப்போய் ஜங்க்கில் விழுந்த நல்ல கடிதத்தை ‘ஜங்க் அல்ல’ என்றும் குறியுங்கள். இரு வகையும் தெரிந்தால்தான் வடிகட்டியின் கணக்கு சரியாகும். நன்கு பழகும்வரை தானாக அழிக்கும் வசதியைத் தொடாதீர்கள்.

உள்ளே வந்துவிட்ட ஸ்பேமை ஒரு நொடியில் அழித்துவிடலாம். தொலைந்த கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. தொழிலுக்கு மின்னஞ்சலை நம்பியிருப்பவர்கள் தினமும் ஒருமுறை ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.