முதியோரின் குளிசைப் பை

பசளை மிஞ்சினால் பயிர் கருகும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். மருந்தும் அப்படித்தான்.

ஊரில் ஒரு வைத்தியர், முகாமில் இன்னொருவர், கொச்சிக்கடைக்கு வந்தபின் வேறொருவர் என எழுதிக்கொடுத்த குளிசைகள் இடம்பெயர்ந்த முதியவர்களிடம் சேர்ந்துவிடுகின்றன. பனடோலும் பரசிற்றமோலும் ஒரே மருந்துதான். இரண்டையும் சேர்த்து அளவுக்கு மிஞ்சி எடுத்தால் ஈரல் பழுதாகும். மருந்துகளைப் பொதுப்பெயரால் எழுதவேண்டுமென, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தினார்.

முதிய உடல் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். நித்திரைக் குளிசையின் மயக்கம் மறுநாளும் நீடித்து, விழுந்து எலும்பு முறியலாம்.

எல்லாக் குளிசைகளையும், நாட்டு மருந்தையும், கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் கொண்டுசென்று, “இவற்றில் எது இன்னும் தேவை?” என வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர், வலிப்புக் குளிசைகளைத் திடீரென விடுவது ஆபத்து.