ரயில் கிளம்பியதும் பந்து ஏன் உருண்டது?

காஜாங் எம்.ஆர்.டி. நிலையத்தில் இருக்கை கிடைத்ததும் கைப்பேசியை எடுத்தேன். பல்கலைக்கழகப் பாடத்திற்காக நான் எழுதிக்கொண்டிருந்த விளையாட்டு அதில் இருந்தது. கைப்பேசியைச் சாய்த்தால் திரையில் ஒரு பந்து உருளும். குழியில் விழாமல் அதை வாசல்வரை கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பலமுறை சோதித்தபோது ஒரு குறையும் இல்லை.

ரயில் என் இடப்பக்கமாகக் கிளம்பியது. என் கை அசையவே இல்லை. ஆனால் பந்து தானாக வலப்பக்கம் ஓடிக் குழியில் விழுந்தது. ஸ்டேடியம் காஜாங் நிலையத்தை நெருங்கி வேகம் குறைந்தபோது இடப்பக்கம் ஓடியது. சுங்கை ஜெர்னியிலும் அதே கதை.

நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை என் புரிதலில் இருந்தது.

கைப்பேசிக்குச் சாய்வு என்றால் என்னவென்றே தெரியாது. அதனுள் இருக்கும் முடுக்கமானி, அதாவது ஆக்சிலரோமீட்டர், சிலிக்கானில் செதுக்கிய கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஓர் எடை. மெல்லிய வில் போன்ற தாங்கிகள் அதைப் பிடித்திருக்கும். எடை சற்று நகர்ந்தால் பக்கத்துத் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் கைப்பேசி எண்ணாகப் படிக்கிறது.

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலியில் இந்த எண்களை நீங்களே பார்க்கலாம். மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைப்பேசி 9.8 காட்டும். தலையணைமேல் விழவிட்டால், விழும் அந்தக் கணத்தில் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி வரும். (தலையணை கட்டாயம். அம்மாவின் கைப்பேசி வேண்டாம்.) சும்மா கிடக்கும்போது 9.8, விழும்போது பூஜ்யம்! முதலில் எனக்கும் தலைகீழாகத்தான் பட்டது. புவியீர்ப்பின் விளைவையும் வேகமாற்றத்தின் விளைவையும் இந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை 1907இல் ஐன்ஸ்டீன் சிந்தித்துதான் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை நோக்கி முதல் அடி வைத்தார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரயிலின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1ஐ 9.8ஆல் வகுத்து, அதை டேன் மதிப்பாகக் கொண்ட கோணத்தைத் தேடினால் ஏறக்குறைய 6 பாகை கிடைக்கும். மூன்றாம் படிவத்தில் படித்த அதே டேன்தான். ஆக, ரயில் கிளம்பியபோது என் கைப்பேசி 6 பாகை சாய்ந்ததாகவே நிரல் நினைத்தது. சொல்லப்போனால், தட்டில் நிஜக் கோலிக்குண்டை வைத்திருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும்.

இதைச் சமாளிக்க உதவுவது கைரோஸ்கோப். அது எடையைப் பார்க்காது, கைப்பேசி திரும்பும் வேகத்தை மட்டும் அளக்கும். 2007இல் வந்த முதல் ஐபோனில் முடுக்கமானி இருந்தது. கைரோஸ்கோப் 2010இல் ஐபோன் 4 உடன்தான் சேர்ந்தது. கைரோஸ்கோப்பை மட்டும் நம்பினால் சிறுசிறு பிழைகள் சேர்ந்து, சில நிமிடங்களில் கோணம் எங்கோ போய்விடும். அதனால் இரண்டையும் கலப்பார்கள். நான் முதலில் 98க்கு 2 என்ற விகிதத்தில் கலந்தேன். கை நடுக்கத்திற்கு அது போதும், ரயிலுக்குப் போதவில்லை. 99.8க்கு 0.2 என்று மாற்றிய பிறகு பந்து பாயவில்லை, மெதுவாக நகர்ந்தது. கையால் திருத்திக்கொள்ள முடிந்தது.

வெற்றி என்று நினைத்து வகுப்பில் காட்டினேன். பக்கத்தில் இருந்த தோழி தன் கைப்பேசியில் ஏற்றிப் பார்த்து, "என் போன்ல திறக்கவே இல்லையே" என்றாள். அவளுடையது விலை குறைந்த கைப்பேசி. அதில் கைரோஸ்கோப்பே கிடையாது. இல்லாத உணரியைக் கேட்டால் ஆண்ட்ராய்டு வெற்று மதிப்பைத் தரும். அதைச் சரிபார்க்கும் ஒரு வரியை நான் எழுதவில்லை. எல்லாருடைய கைப்பேசியும் என்னுடையதைப் போலவே இருக்கும் என்று எண்ணிவிட்டேன்.

சுலபமான வழி ஒன்று உண்டு. செயலியின் மேனிஃபெஸ்ட் கோப்பில் 'கைரோஸ்கோப் கட்டாயம்' என்று குறித்துவிட்டால், அது இல்லாத கைப்பேசிகளுக்குக் கூகள் பிளே அந்தச் செயலியைக் காட்டவே காட்டாது. புகார் வராது, ஏனென்றால் அவர்கள் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் எனக்கும் அந்த ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை.

2016 ஆகஸ்டில் போக்கிமான் கோ மலேசியாவுக்கு வந்தபோது நான் தமிழ்ப்பள்ளி மாணவி. கேமராக் காட்சியில் போக்கிமான் நிற்க கைரோஸ்கோப் வேண்டும். அது இல்லாத கைப்பேசியில் வரைந்த புல்வெளிமேல் நின்றது; பிடிக்க முடிந்தது. அப்பாவின் பழைய கைப்பேசியில் அப்படித்தான் நான் விளையாடினேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

கட்டாயம் என்ற அந்த வரியை எழுதவில்லை. கைரோஸ்கோப் இல்லையென்றால் முடுக்கமானி மட்டும் வேலை செய்யும். கையைச் சாய்க்கச் சிரமப்படுவோருக்குத் திரையில் நான்கு பொத்தான்கள் வைத்தேன். தோழி இப்போது பொத்தான்களில்தான் விளையாடுகிறாள். ரயிலில் அவள் பந்து துளியும் நகர்வதில்லை. என்னுடையது ஸ்டேடியம் காஜாங் தாண்டும்போது இன்னமும் கொஞ்சம் நகர்கிறது.