லயக் காம்பராவும் நினைவில்லமும்

ஒருவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்குவதற்கு, அவருக்கெனச் சொந்த வீடொன்று இருந்திருத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து றிச்மன்ட் நகரிலே மகி லீனா வோக்கர் அம்மையாருக்கு அவ்வாறு ஒன்று இருந்தது. அடிமையாயிருந்து பின்னர் சலவைத் தொழில் செய்து பிழைத்த கறுப்பினத் தாயொருத்தியின் மகளான இவர், 1903இல் 'சென் லூக் பென்னி சேமிப்பு வங்கி'யை நிறுவினார். உழைக்கும் மக்களின் சில்லறைக் காசையும் மதித்து ஏற்ற வங்கி அது. அந்நாட்டில் வங்கியொன்றை நிறுவித் தலைமைதாங்கிய முதற் கறுப்பினப் பெண் இவரே. 1904 முதல் அக்குடும்பம் வாழ்ந்த வீட்டை, 1979இல் தளபாடங்களோடு அரசு விலைக்குப் பெற்றது.

மலையகத்திலோ, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரே 'முன்னோடி' எனப் போற்றப்படுபவர். அந்த 19 ஏக்கரில் மண்வெட்டி பிடித்தோர் எமது பாடநூல்களிற் பெயரற்ற கூட்டமாகவே நிற்கின்றனர். அவர்கள் மத்தியிலிருந்து ஒரு சேமிப்பு வங்கி எழுந்திருக்கக் கூடுமா? கூலி கைக்கு வருமுன்னரே கங்காணியின் கடன் அதனை விழுங்கியது. கடன்தொகை பொறித்த 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் புகுதல் அரிது. அம்முறை சட்டப்படி ஒழிந்தது 1921இலேதான். உழைப்பவரின் காசு றிச்மன்டில் வங்கியாகத் திரண்ட அதே காலத்தில், இங்கு அது கடனாகவே எழுதப்பட்டது.

ஆகவே இங்கு நினைவில்லம் வேறு வடிவம் பெற்றதில் வியப்பில்லை. கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்திலே, சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் பழைய லயமொன்றைத் திருத்தித் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் அமைத்தது. தனியொருவரின் புகழ் பேசாத வீடு அது. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியாக அமைந்த லயக் காம்பராவின் அளவே அங்கு முதற் சான்று.

ஹற்றனுக்கு முந்திய புகையிரத நிலையமாகிய றொசல்லவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் லயங்கள் உள்ளன. அவை இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழவேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. வறுமையைச் சுற்றுலாப் பயணிக்குக் காட்சியாக விற்பதும் எமக்கு உடன்பாடன்று. (துரைமாரின் பங்களாக்கள் சில ஏலவே விடுதிகளாகிவிட்டன.) ஆயினும் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964இன் ஒப்பந்தத்தையும் அனுபவித்த குடும்பங்களின் பத்திரங்கள், லயங்களின் தகரப் பெட்டிகளிலேயே தங்கின. பிரஜாவுரிமை விண்ணப்பமும் பிறப்புச் சான்றும் சம்பளத் துண்டுமே இம்மக்களின் எழுதப்பட்ட வரலாறு. கூரை கழற்றப்படும் நாளில் முதலில் அழிவன இவையே. லயம் இடிபடுமுன் அதன் அளவையும் படத்தையும் பதிந்து, உரியவரின் இசைவுடன் பத்திரங்களைப் பிரதி செய்து பட்டியலிடும் பணியைப் பல்கலைக்கழக மாணவர் தொடங்கலாம். அதற்குக் கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.